இரண்டு விதமாக ஒட்டிய ஈசிஜி

டாக்டரம்மா,

நம் பழைய ஈசிஜி மெஷினை எடுத்துப்போக நேற்று மெட்ராஸிலிருந்து ஆள் வந்திருந்தான். வண்டியில் ஏற்றுவதற்கு முன் ஓடுகிறதா என்று பார்க்க ஸ்விட்சைப் போட்டான். ஊசி சூடேறி மெழுகுத்தாளின் மேல் ஓடத் தொடங்கியதும் அந்த வாசனை வந்தது. மெழுகு லேசாகக் கருகும் வாசனை. பக்கத்தில் நின்ற நர்ஸ் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் மட்டும் நன்றாக மூச்சை இழுத்தேன். "இன்னும் நல்லா ஓடுதேமா, இன்னாத்துக்குக் குடுக்குறீங்க?" என்று கேட்டான். "என்னை இன்னாத்துக்குப்பா கேக்குற, உள்ள டாக்டர் கீறாரு, அவர கேளு" என்றேன். சொல்லிவிட்டு நேராகத் துணி மாற்றும் அறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

நீங்கள் கண்ணை மூடி இந்தப் புரட்டாசியோடு ஒரு வருஷம். உங்கள் நாற்காலியில் இப்போது இளவயது டாக்டர் ஒருவர் உட்கார்கிறார். நல்ல பிள்ளை, கை சுத்தம், கோபம் மட்டும் மூக்குக்கு மேல். புது மெஷின் அவர் வாங்கியதுதான். ஒரே நேரத்தில் மூன்று கோடு போடுகிறது. ஒரு நிமிஷத்தில் பன்னிரண்டு கோடும் ஒரே தாளில் வந்து விழுந்துவிடும். வெட்ட வேண்டாம், ஒட்ட வேண்டாம். மைதாப் பசைக்கு ஆசைப்பட்டுக் கரப்பான்பூச்சி ஒட்டிய அட்டையைத் தின்றுவிடும் என்ற பயமும் இல்லை. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அதனோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. உங்களைத் தவிர வேறு யாரிடம் சொன்னாலும் விளங்காது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் குன்றத்தூர் ஏகாம்பரம்தான் முன்னால் வந்து நிற்கிறார். அவர் அன்று வீட்டுக்குத் திரும்பிப் போவாரா மாட்டாரா என்பது ஆறு துண்டுக் காகிதத்தில் இருந்ததே, அந்த நாளைத்தான் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் நான் எப்படி அந்த மெஷினிடம் வந்து மாட்டினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக்கு எதிரே, பெங்களூர் ரோட்டின் அந்தப் பக்கம், நான் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். கடை என்றால் ஒரு தையல் மெஷின், ஒரு முக்காலி, மேலே கீற்று. நீங்கள் யாரோ விற்ற ஈசிஜி மெஷினை வாங்கி வந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு மத்தியானம் கையில் நீள ரிப்பன் மாதிரி ஒரு தாளைச் சுருட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்தீர்கள். "சரோஜா, எங்க கம்பவுண்டர் வெட்டினா கோணல் மாணலா போகுது. நீ இதை நேரா வெட்டித் தர முடியுமா?" அன்று வெட்டிக் கொடுத்தேன். மறுநாளும் வந்தீர்கள். அந்த மாதக் கடைசியில் கடையை என் தங்கையிடம் விட்டுவிட்டு நானே ரோட்டைக் கடந்து வந்துவிட்டேன். நம் இருவருக்கும் நாற்பது நடந்துகொண்டிருந்தது. நான் மூன்று மாதம் பெரியவள் என்பதை நேரம் பார்த்து உங்களுக்கு நினைவுபடுத்துவேன். "சரிங்க பெரியவங்களே" என்று நீங்களும் சலாம் போடுவீர்கள்.

அந்த மெஷினுக்கு ஒரே ஊசி. ஒரு நேரத்தில் ஒரு கோடுதான் போடும். குமிழைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு கோடாக, உங்கள் பாஷையில் லீடாக, எடுக்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று, ஏவிஆர், ஏவிஎல், ஏவிஎஃப் என்ற பெயர்களில் கை கால் பட்டைகளிலிருந்து ஆறு. ரப்பர் பல்பை நெஞ்சில் ஒட்டி எடுப்பது ஆறு. நகம் பட்டாலே தாள் கறுத்துவிடும் என்பதால் பிஞ்சுக் குழந்தையைப் போல ஏந்த வேண்டும். பிறகு பன்னிரண்டாக வெட்டி அட்டையில் இரண்டு வரிசையாக ஒட்டி, மெட்ராஸிலிருந்த இதய டாக்டருக்குப் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புவோம். மறுநாள் அதே பஸ்ஸில் பதில் வரும். உங்களுக்கும் பார்க்கத் தெரியும். ஆனால் "நான் பிரசவ டாக்டர், இதயத்துக்கு நான் விருந்தாளி" என்று சொல்லிக்கொள்வீர்கள்.

மெட்ராஸ்காரருக்கு ஒட்டுகிற வரிசைதான் வேதம். குமிழ் எந்த வரிசையில் திரும்புகிறதோ அதே வரிசையில்தான் ஒட்ட வேண்டும். வந்த முதல் வாரமே நான் அதில் கை வைத்தேன். கை கால் துண்டுகளில் மற்ற ஐந்திலும் கோடு மேலே எழும்பி நிற்கிறது, ஏவிஆரில் மட்டும் கீழே பாய்கிறது. துணியில் பூப்போட்ட பக்கம் தலைகீழாக வந்தால் விடுவேனா? நான்தான் தப்பாகப் பிடித்து வெட்டிவிட்டேன் என்று நினைத்து, நல்லது செய்வதாக அதைத் திருப்பி ஒட்டி அனுப்பிவிட்டேன். மறுநாள் அட்டை திரும்பி வந்தது. சிவப்பு மையில், "இதைத் தலைகீழாக ஒட்டிய மேதை யார்?" என்று எழுதியிருந்தது. நீங்கள் சிரித்த சிரிப்பில் வார்டிலிருந்த பச்சைக் குழந்தை விழித்துக்கொண்டு அழுதது.

சிரித்து முடித்ததும் என் கடையிலிருந்து கொண்டுவந்த பழுப்புத்தாளை விரித்து ஒரு ஆள் உருவம் வரைந்தீர்கள்.

"இது கவுந்துதான் இருக்கணும் சரோஜா. ஏவிஆர் வலது தோள்லேர்ந்து பாக்குது. இதயத்துல கரண்ட் அந்தப் பக்கத்தை விட்டு விலகிப் போகுது. அதனால அப்படித் தெரியுது."

"அப்ப மத்ததெல்லாம் எங்கேர்ந்து பாக்குது?"

ஏவிஎல் இடது தோளில், ஒன்று இடது பக்கவாட்டில், இரண்டு அதற்குக் கீழே, ஏவிஎஃப் நேர் கீழே காலடியில், மூன்று அதையும் தாண்டி வலப்பக்கமாக என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அம்பு போட்டீர்கள். ஒரே வீட்டை ஆறு ஜன்னல் வழியாகப் பார்ப்பது போலத்தான் என்று எனக்குப் பட்டது. பட்டதும் வாய் சும்மா இருக்குமா?

"அப்பறம் ஏன் டாக்டரம்மா பக்கத்துப் பக்கத்து ஜன்னலை எல்லாம் பிரிச்சுப் பிரிச்சு ஒட்டிகினு கீறோம்? ரெண்டு, மூணு, ஏவிஎஃப் மூணும் கீழேர்ந்து பாக்குதுன்றீங்க. மூணும் ஒண்ணா இல்ல இருக்கணும்? நடுவுல இந்த வலது தோளு வந்து குந்திகினு இன்னா பண்ணுது?"

"உலகம் பூரா இப்படித்தான் ஒட்டுறாங்க. நீ ஒட்டு."

ஒட்டினேன். ஆனால் மனசு ஒப்பவில்லை. ஜாக்கெட் வெட்டும்போது எது எதோடு சேருமோ அதை அதன் பக்கத்தில் வைத்துப் பழகிய கை. ஒவ்வொரு லீடிலும் மிஞ்சுகிற துண்டுகளை வைத்து, வேலை இல்லாத நேரத்தில் மேஜைமேல் என் வரிசையில் அடுக்கிப் பார்ப்பேன். மேலே ஏவிஎல், பிறகு ஒன்று, இரண்டு, ஏவிஎஃப், கடைசியில் மூன்று. ஏவிஆர்தான் எங்கேயும் சேராமல் முறைத்துக்கொண்டு நின்றது. அதைச் சுழற்றி வைத்தால் முன்னால் வர வேண்டிய மேடு பின்னால் போய்விடுகிறது. முதலில் நான் செய்த தப்பும் அதுதான். வலது கைக்கு வெட்டிய துணியைச் சுழற்றினால் இடது கை கிடைக்காது, புரட்டிப் போட்டால்தான் கிடைக்கும். அதனால் துண்டைத் தலைகீழாகப் புரட்டி, முதுகுப்பக்கம் என்னைப் பார்க்க, ஜன்னல் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். எம்பிராய்டரிப் பூவை இன்னொரு பக்கத்துக்கு மாற்ற அப்படித்தான் செய்வோம். பின்னால் தெரிந்த கோட்டின்மேல் பென்சிலால் வரைந்துகொண்டு வந்து வைத்தால், ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் அளவெடுத்துத் தைத்ததுபோல உட்கார்ந்துவிட்டது. ஓடிவந்து உங்களிடம் காட்டினேன். "வலது தோளைப் புரட்டினா எதிர்ப்பக்கத்து இடுப்பிலேர்ந்து பாக்குற மாதிரி ஆகும். அது சரிதான்" என்றீர்கள். பிறகு, "உனக்கு வேற வேலையே இல்லையாடி?" என்றும் கேட்டீர்கள்.

அப்படிப் பொழுதுபோக்காக இருந்தது, ஆடிக் கிருத்திகை வரைக்கும்.

அன்று காலையிலிருந்தே வல்லக்கோட்டை முருகன் கோவிலுக்குப் போகிற கூட்டம். பத்து மணி இருக்கும், ஒரு டெம்போவில் ஏகாம்பரத்தைக் கொண்டுவந்து இறக்கினார்கள். குன்றத்தூரில் மூட்டை தூக்குகிறவர், நாற்பத்தைந்து வயசு. மஞ்சள் வேட்டி, உடம்பெல்லாம் சந்தனம், விபூதி. காவடி எடுத்து நடந்து வந்தவர் வழியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். இரண்டு தடவை வாந்தி. காவடியைத் தரையில் வைக்கக்கூடாது என்று அவர் மச்சான் அதைத் தோளில் சுமந்தபடி ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"எனுக்கு ஒண்ணியும் இல்லமா" என்றார் ஏகாம்பரம். "காலீலேர்ந்து பச்சத்தண்ணி பல்லுல படல. வாயு ஏறிகிச்சு. ஒரு மாத்திர குட்த்தீங்கன்னா போயிகினே இருப்பேன்."

"அவுரு மூஞ்சியப் பாருங்கமா, எப்டி வேர்த்து ஊத்துது" என்றார் அவர் மனைவி. அந்த அம்மாள் அழவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஈசிஜி எடுக்கச் சொன்னீர்கள். சந்தனம் இருந்தால் ரப்பர் பல்பு நிற்காது. முருகா மன்னித்துக்கொள் என்று சொல்லி ஈரத்துணியால் துடைத்து எடுத்தேன். வெட்டி, மெட்ராஸ் வரிசையில் ஒட்டி, பசை காய்வதற்குள் உங்களிடம் கொடுத்தேன்.

நீங்கள் அவசரப்படவில்லை, அதை நான் எங்கேயும் சொல்வேன். ஒவ்வொரு துண்டாக விரல் வைத்துப் பார்த்தீர்கள். "நெஞ்சுல எடுத்த ஆறும் சுத்தமா இருக்கு. ரெண்டுல ஒரு நூல் ஏறின மாதிரி இருக்கு. மூணுலயும் கொஞ்சம். இவரு அசைஞ்சுகிட்டே இருந்ததுல கோடு ஆடியிருக்கும்." பிறகு ஏவிஆர், ஏவிஎல் என்று கண் தாண்டிப் போய் ஏவிஎஃப்புக்கு வந்தபோது, அங்கேயும் அதே ஏற்றம் இருந்தும், முன்னால் பார்த்த ஒரு நூலை நீங்கள் மறந்திருந்தீர்கள். வயிற்றுக்கு மருந்து எழுதினீர்கள். நடக்க வேண்டாம், பஸ்ஸில் வீட்டுக்குப் போங்கள் என்று சொன்னீர்கள். அவர் தலையை ஆட்டிய விதத்திலேயே தெரிந்தது, வெளியே போனதும் காவடியை வாங்கிக்கொண்டு நடக்கத்தான் போகிறார் என்று. அட்டை அன்றைக்கு மெட்ராஸ் போய்ப் பதில் வர மறுநாள் மத்தியானம் ஆகும்.

நான் என் மேஜைக்கு வந்தேன். எந்த யோசனையும் இல்லை, கைப் பழக்கம்தான். மிஞ்சிய துண்டுகளை என் வரிசையில் வைத்தேன். ஏவிஆரை ஜன்னலில் புரட்டி வரைந்து நடுவில் சொருகினேன். வைத்துவிட்டு நின்று பார்த்தேன். ஊசி உயரமாகக் குத்தி இறங்கியபின் கோடு தரைக்கு வந்து நிற்க வேண்டும் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். மேலே ஏவிஎல்லில் அது தரைக்குக் கீழே கிடந்தது. ஒன்றில் அதைவிடக் கொஞ்சம் குறைவாகக் கீழே. புரட்டிய ஏவிஆரில் ஏறக்குறையத் தரையிலேயே. இரண்டில் தரைக்கு மேலே. ஏவிஎஃப்பில் இன்னும் மேலே. மூன்றில் அதற்கும் மேலே. தனித்தனியாகப் பார்த்தால், தாளில் அச்சடித்த பொடிக் கட்டங்களில் யாரும் மன்னித்துவிடுகிற அரைக் கட்டம், ஒரு கட்டம். ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்ததும் படிக்கட்டு. ஆள் அசைந்ததால் கோடு ஆடினால் இப்படி ஒழுங்காகப் படி கட்டிக்கொண்டா ஆடும்?

"டாக்டரம்மா, இத்த கொஞ்சம் வந்து பாருங்களேன்."

"இரு, அந்த அம்மாவுக்கு மருந்து சொல்லிட்டு வரேன்."

"இல்ல டாக்டரம்மா. இப்பவே வாங்க."

என் குரலைக் கேட்டுத்தான் வந்தீர்கள் என்று நினைக்கிறேன். மேஜையைப் பார்த்தீர்கள். விரலை ஏவிஎல்லில் வைத்து ஒவ்வொன்றாக மூன்று வரை கொண்டுபோனீர்கள், மறுபடி மேலிருந்து கொண்டுபோனீர்கள். போய் அவர் நாடியைப் பிடித்தீர்கள். முதலில் பார்த்ததைவிடக் குறைந்திருந்தது. "இன்னொரு தரம் எடு" என்றீர்கள். எடுத்தேன். படி இன்னும் உயர்ந்திருந்தது.

அந்த அம்மாள் கையிலிருந்த மருந்துச் சீட்டை நீங்கள் திரும்ப வாங்கிக்கொண்டீர்கள். கம்பவுண்டர், நர்ஸ், டெம்போக்காரர், வாசலில் காவடியோடு மச்சான், எல்லாரும் இருந்தார்கள். "நான் முதல்ல சரியாப் பாக்கல. இது வாயு இல்லைங்க. மாரடைப்பு. இதயத்தோட அடிப்பக்கத்துல. உடனே மெட்ராஸ் போகணும், நானும் கூட வரேன்."

ஏகாம்பரம் எழுந்து உட்காரப் பார்த்தார். "காவடி கீது மா, பாதியில உட்டுட்டு எப்டி..." மனைவிதான் அவரைத் தோளைப் பிடித்து அழுத்திப் படுக்கவைத்தார். வாசலைப் பார்த்து, "தம்பி, நீ நட. நிக்காம போயி செலுத்திட்டு வா. இவுர நான் கூட்டிகினு போறேன்" என்றார். மச்சான் திரும்பி நடந்தார். டாக்ஸியின் பின்சீட்டில் அவரைப் படுக்கவைத்து, பக்கத்தில் தரையில் நீங்கள் ஊசிப் பெட்டியோடு உட்கார்ந்துகொண்டு போனீர்கள். உங்கள் சேலை முழுக்கச் சந்தனம்.

பூந்தமல்லி தாண்டும்போது நாடி விட்டு விட்டு வந்ததாம். கையோடு எடுத்துப்போன ஊசியைப் போட்டீர்களாம். பொழுது சாய நீங்கள் திரும்பி வந்து, "ஆள் இருக்காரு சரோஜா" என்று சொன்னபோது நான் உங்களைக் கட்டிக்கொண்டேன். டாக்டரைக் கட்டிக்கொள்ளலாமா என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை. மூன்று வாரம் கழித்து ஏகாம்பரம் நடந்தே உள்ளே வந்தார்.

மெட்ராஸ்காரருக்கு இரண்டு அட்டையையும் அனுப்பினீர்கள், அவர் வரிசையில் ஒன்று, நம் வரிசையில் ஒன்று. பதிலை நான் மறக்கவே மாட்டேன். "நோயைக் கண்டது சரி. ஒட்டிய முறை தவறு." அதை நீங்கள் மருந்து அலமாரிக் கதவில் ஒட்டிவைத்தீர்கள், மைதாப் பசையில். அதிலிருந்து எல்லாருக்கும் இரண்டு அட்டை. மெட்ராஸுக்கு ஒன்று, நமக்கு ஒன்று. ஒரு வருஷம் கழித்து மெட்ராஸ் லைப்ரரியில் எதையோ படித்துவிட்டு வந்து, ஐரோப்பாவில் ஒரு நாட்டில் இப்படித்தான், ஏவிஆரைப் புரட்டி நடுவில் வைத்துத்தான் பார்க்கிறார்களாம் என்றீர்கள். "உன் தையல் கடைக்கு அங்க ஒரு கிளை இருக்குடி" என்றும் சொன்னீர்கள். எனக்கு முன்னாலேயே ஒருவர் கண்டுபிடித்துவிட்டாரே என்று எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

தலைக்கனமும் வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? எங்கே பார்த்தாலும் எனக்குப் படிக்கட்டாகவே தெரிந்தது. ஒருநாள் வடக்குப்பட்டுப் பையன் ஒருவனுக்கு அடுக்கிவிட்டு, "இவன் பொழைக்கமாட்டான்" என்கிற மாதிரி ஓடிவந்தேன். நீங்கள் அட்டையைப் பார்த்துவிட்டு அவன் கையைத் தூக்கிக் காட்டினீர்கள். வலது கை ஒயரை இடது கையில் மாட்டியிருந்தேன். அவன் காய்ச்சலுக்கு வந்தவன், ஊசி போட்டுக்கொண்டு சைக்கிளில் போய்விட்டான். ஒரு வாரம் என்னை "ஐரோப்பா டாக்டர்" என்றே கூப்பிட்டீர்கள்.

புது மெஷினோடு என் சண்டை என்ன என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். அது அச்சடிப்பது மெட்ராஸ் வரிசை. "இத்த நம்ம மாதிரி மாத்திப் போட முடியாதா டாக்டர்?" என்று இந்த இளவயது டாக்டரிடம் கேட்டுப் பார்த்தேன். "அது அப்படித்தாம்மா வரும், மெஷினோட சண்டை போடாதீங்க" என்கிறார். போகட்டும். தாள் வந்ததும் நான் என் கண்ணாலேயே வெட்டி ஒட்டிக்கொள்கிறேன். விரல் ஏவிஎல்லில் தொடங்கி ஒன்றுக்குத் தாவி, ஏவிஆரைப் புரட்டி, இரண்டுக்குப் போய், ஏவிஎஃப்பில் இறங்கி மூன்றில் நிற்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற டாக்டருக்குப் பைத்தியம் போலத்தான் இருக்கும்.

ஏகாம்பரம் இன்றும் ஆடிக்கு வருகிறார், இப்போது பஸ்ஸில். மூட்டை தூக்குவதை விட்டுவிட்டார், ரோட்டோரம் எழும்பிக்கொண்டிருக்கும் கம்பெனிக்கு வாட்ச்மேன். இந்த வருஷம் வந்தபோதுதான் நீங்கள் போய்விட்டதை அவரிடம் சொன்னேன். பெஞ்சில் உட்கார்ந்தார். "என் காவடி பாதியில நின்னப்போ அந்தம்மா சீட்ட திரும்ப வாங்கினாங்களே, அதான் கண்ணுலயே கீது" என்றார்.

எனக்கும் அதுதான். படிக்கட்டைக் கண்டது நான் என்று இத்தனை வருஷம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன். ஆனால் அந்தச் சீட்டைத் திரும்ப வாங்க நீங்கள் கூச்சப்பட்டிருந்தால், அத்தனை பேர் எதிரில் ஒரு தையல்காரி பேச்சைக் கேட்பதா என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால், என் துண்டுகள் அந்த மேஜையிலேயே கிடந்திருக்கும், அவர் வழியில் எங்காவது கிடந்திருப்பார். அதனால் நான் ஒன்று செய்கிறேன். இந்த டாக்டர் "நார்மல்" என்று சொல்லித் தாளை வைக்கும்போது, என் கண்ணுக்கு எங்காவது உறுத்தினால், "இன்னொரு தரம் பாத்துடலாமா டாக்டர்?" என்று கேட்டுவிடுகிறேன். முதலில் முறைத்தார். "நீங்க டாக்டரா, நான் டாக்டரா?" என்றார். "நீங்கதான். அதனாலதான் உங்கள பாக்கச் சொல்றேன்" என்றேன். பார்ப்பார், பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. வெற்றி அவர் முகத்தில் தெரியும். எனக்கு அதில் வருத்தமே இல்லை.

நேற்று மெஷின்காரன் போனபிறகு ஒரு பெரியவர் தோள் வலி என்று வந்தார். தாளை எடுத்துக் கொடுத்தேன். உறுத்தலாக எதுவும் இல்லை, நான் வாயே திறக்கவில்லை. டாக்டர் பார்த்தார், "நார்மல்" என்று மேஜையில் வைத்தார், பேனாவை எடுத்தார். எழுதவில்லை. பேனாவை மூடிவைத்துவிட்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், தாளை மறுபடி கையில் எடுத்து, விரலை ஏவிஎல்லில் வைத்தார்.

அன்புடன்,
சரோஜா